படத்தின் பெயரைச் சொல்லாத ரேடியோ

தூத்துக்குடி

அன்புள்ள பாலு,

கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை நேரத்துக்குப் போட்டுக்கொள், தலைக்குக் குளிக்க அவசரப்படாதே. எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நாக்குதான் இல்லை.

எஃப்.எம்.மில் வரும் குப்பைப் பாட்டையெல்லாம் தடை பண்ண ஒரு மந்திரி வரணும் என்று எழுதியிருந்தாய். அப்படி ஒருத்தர் நாம் பிறக்கும் முன்பே வந்துவிட்டார், பாலு. 1952இல் தகவல் ஒலிபரப்பு மந்திரியான பி.வி. கேஸ்கர். இந்துஸ்தானி சங்கீதம் கற்றவர். சினிமாப் பாட்டு என்றாலே அவருக்கு ஆகாது.

ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டை ஒரே உத்தரவில் நிறுத்தினார் என்றுதான் பலரும் சொல்கிறார்கள். நடந்தது இன்னும் வேடிக்கை. பாட்டுகளைச் சலித்தெடுத்து, ஒலிபரப்பு நேரத்தில் 10 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்றார்கள். கூடவே, படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரமாம், பாடியவர் பெயர் போதுமாம். தயாரிப்பாளர்களுக்கு அதுதான் சுருக்கென்றது. ஒலிபரப்ப கொடுத்திருந்த உரிமத்தையே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இரண்டு பக்க வீம்பில் வானொலியில் சினிமாப் பாட்டு அடங்கிப்போனது.

யோகம் கொழும்பிலிருந்த இலங்கை வானொலிக்கு அடித்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் மவுண்ட்பேட்டன் படைக்காக வைத்த சிற்றலை டிரான்ஸ்மிட்டர் அங்கே சும்மாவா இருந்தது! 1952 டிசம்பரில் பற்பசை விளம்பரத்தோடு அமீன் சயானி தொகுத்த இந்தி சினிமாப் பாட்டு நிகழ்ச்சி 'பினாக்கா கீத்மாலா' அங்கே தொடங்கியது. புதன்கிழமை ராத்திரி வடக்கே பாதி நாடு இலங்கைக்கே காது கொடுத்தது. டில்லி இறங்கிவந்து, சினிமாப் பாட்டும் போடும் விவித் பாரதியைத் தொடங்க 1957 அக்டோபர் ஆகிவிட்டது.

நமக்கு இலங்கை வானொலியின் தமிழ் அறிவிப்பாளர்கள்தான், முதலில் மயில்வாகனன், அப்புறம் கே.எஸ். ராஜா. ஹாஸ்டல் ஜன்னல் கம்பியில் ஏரியல் ஒயரைச் சுற்றிவிட்டு நீ குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருப்புவாய். குரல் அலை மாதிரி ஏறி இறங்கும். படம், இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடியவர் என்று நான் நோட்டில் கோடு போட்டு எழுதுவேன். பாடலாசிரியர் பெயர் வரும்போது பார்த்து சிக்னல் போய்விடும், நீ ரேடியோ தலையில் ஒரு தட்டு தட்டுவாய். எந்தப் பெயர் விளம்பரம் என்று கேஸ்கர் ஒதுக்கினாரோ, அந்தப் பெயர்களில்தான் நமக்குப் பாதி ருசி.

ஆனாலும் அவரை நான் முழுசாகத் திட்டமாட்டேன். சனிக்கிழமை ராத்திரி தேசிய சங்கீத நிகழ்ச்சி அவர் காலத்தில் வந்ததுதான். காசு கொடுத்துச் சபாவில் உட்கார முடியாதவனும் பெரிய வித்வான்களைக் கேட்டான். தப்போ சரியோ, அவருக்கு இசையில் ஒரு கொள்கை இருந்தது. எமர்ஜென்சியில் இந்திப் பாடகர் கிஷோர் குமாருக்கு நடந்தது வேறு ரகம். அரசுப் பிரசாரத்துக்கு ஒத்துழைக்கவில்லை என்பதற்காக 1976இல் அவர் பாட்டையே வானொலியிலும் தூர்தர்ஷனிலும் நிறுத்தினார்கள். அதில் சங்கீதம் எங்கே இருக்கிறது? நீ கேட்கும் மந்திரி இந்த இரண்டில் எந்த மாதிரி வருவார் என்று யாரால் சொல்ல முடியும்? பிடிக்காத பாட்டு வந்தால் நிலையத்தை மாற்று, அவ்வளவுதான்.

சின்னவள் கல்யாணம் தை மாதம். பத்திரிகை வரும். தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடு. ராஜா பேச்சைப் பதிவு பண்ணின கேசட் ஒன்று வைத்திருந்தாயே, இன்னும் ஓடுகிறதா? ஓடினால் எடுத்து வா. இங்கே என்னிடம் ஒரு பழைய டேப் ரெக்கார்டர் இருக்கிறது, பெல்ட் மட்டும் மாற்றணும்.

அன்புடன்,
சங்கரன்