மூன்றாவது மாங்காய்

வடசேரி,
நவம்பர் 2025

ஏட்டி வக்கீலம்மா,

உன் குரல்பதிவுகளுக்கு நான் பதிலே போடுவதில்லை என்று எங்க அண்ணியிடம் புகார் வைத்தாயாமே. அவள் அதை ஒரு வரி விடாமல் உன்னை மாதிரியே மூக்கை உறிஞ்சி நடித்துக் காட்டினாள். போனில் பேசினால் நடுவில் பத்துக் கேள்வி கேட்பாய், நான் சொல்ல வந்தது பாதியில் நிற்கும். அதனால்தான் எழுதுகிறேன். அம்மா சுகம். அப்பாவுக்கு வலது கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இடது கண்ணுக்கு மழை விடட்டும் என்கிறார், மழைக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று டாக்டருக்கே புரியவில்லை. நெட்டைக்கொக்கின் மகளுக்கு நிச்சயம் ஆகிவிட்டது, பத்திரிகை வரும், மண்டபத்தில் பழைய கதையை எடுக்காமல் சாப்பிட்டுவிட்டு வா.

இப்போது விஷயம். டான்ஸ் ஆடுகிறவர்களுக்கென்று நம் பட்டறையில் வெள்ளியில் கல் வைத்துச் செய்கிறோமே, அந்த மாங்காய் அட்டிகை திருட்டுப் போய்விட்டது. பெட்டி, பூட்டு எல்லாம் பத்திரமாகத்தான் இருக்கிறது. போனது அதன் உரு, அதாவது டிசைன். பெங்களூரில் ஒரு டான்ஸ் டீச்சர், நம்மிடம் ரொம்ப நாளாக வாங்குகிறவர், ஒரு படம் அனுப்பி, "அக்கா, இதே டிசைன் 499 ரூபாய்க்குக் கிடைக்குதே, நீங்க ஏன் இவ்வளவு சொல்றீங்க" என்று கேட்டார். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. ஆனாலும் ஒன்று வரவழைத்துப் பார்த்துவிடுவோம் என்று காசு கட்டி வாங்கினேன். அழகான அட்டைப்பெட்டி, உள்ளே நன்றி அட்டை, அதில் 'கையால் செய்தது' என்று பொன் எழுத்து வேறு.

அப்பா அதைத் தூக்கிப் பார்த்ததும், "பித்தளை வார்ப்பு" என்றார். முன்பக்கம் பார்த்தால் உனக்கும் எனக்குமே ஒரு நிமிஷம் தடுமாறும், அது உண்மை. சாமணத்தின் நுனியால் ஒரு கல்லை நெம்பினேன், பசையோடு கழன்று வந்தது. நாம் கல்லைச் சுற்றி மெல்லிய தகட்டில் சுவர் கட்டிப் பற்றவைத்து, உள்ளே அரக்கு ஊற்றி, அதன்மேல் கல்லைப் பதித்து, கடைசியில் கல்லோரம் முழுக்கத் தங்கத் தகட்டை அழுத்தி உட்கார வைப்போம். இதில் சுவரும் கிடையாது, அரக்கும் கிடையாது. வார்க்கும்போதே குழி விழுந்திருக்கிறது, குழியில் பசை, பசைமேல் கல், அவ்வளவுதான் வேலை.

அதெல்லாம் நான் எதிர்பார்த்ததுதான். அப்பா லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மாங்காயாக நகர்த்திக்கொண்டே வந்தவர், இடமிருந்து மூன்றாவதில் நின்றுவிட்டார். அதன் மூக்கு கொஞ்சம் உள்ளே வளைந்து, பக்கத்தில் நூல் அளவு ஒரு கீறல். "இது என் அரம் வழுக்கின இடம்லா" என்றார். அந்தத் தடவை ராவ வேண்டிய இடத்தில் அரம் கொஞ்சம் இறங்கிவிட்டதாம், கல் வைத்தால் தெரியாது என்று விட்டிருந்தாராம். யாரோ நம் அட்டிகையை விலை கொடுத்து வாங்கி, அதையே அச்சில் அழுத்தி உரு எடுத்திருக்கிறார்கள். அப்பாவின் அரம் ஒரு தடவை வழுக்கியது இப்போது எத்தனை கழுத்தில் தொங்குகிறதோ. அவர் கோபப்படுவார் என்று பயந்தேன். மனுஷன் சிரிக்கிறார்! "பிசிறைக்கூட எடுக்காம விக்கான், சோம்பேறி" என்றார். யாருக்கு விற்றோம் என்பது பில் நோட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும். அவர் எடுக்க விடவில்லை. தெரிந்தபிறகு அவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது என்கிறார். எனக்கு இன்னும் ஆறவில்லை, நோட்டு இருக்கிற அலமாரியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கை அரிக்கிறது.

உன் வீட்டுக்காரரிடம் கேட்டேனே, அவர் சொன்னதை உன்னிடம் சொல்லியிருப்பார். நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறதே என்று நான் குதித்தேன். அது அந்தப் பெயருக்கு மட்டும்தான் காவல், 'நாகர்கோவில் கோயில் நகை' என்று போட்டு விற்றால் பிடிக்கலாம், மாங்காய் உருவுக்கு அது காவல் இல்லை என்றார். டிசைன் சட்டம் என்று 2000இல் வந்த ஒன்று இருக்கிறதாம். பதிவு செய்தால் 10 வருஷம், அப்புறம் இன்னும் 5 வருஷம் நீட்டிக்கலாம். ஆனால் உரு புதிதாக இருக்க வேண்டும், பதிவுக்கு முன்னால் ஊருக்குக் காட்டியிருக்கக் கூடாது. நாம் காட்டி, விற்று, ஆடிக் களைத்த உரு. அதற்கு முன்னால் என் தாத்தா, அவருக்கு முன்னால் கோயில் சிலையின் கழுத்து. எங்கே போய் "இது எங்களுடையது" என்று நிற்பது, நீயே சொல். ஒரு வகையில் நாமும் அம்பாளிடமிருந்து திருடினவர்கள்தான். (இதை அம்மாவிடம் சொல்லித் தொலைக்காதே.)

நேரமும் பார்த்து வந்தது இது. வெள்ளி விலை உனக்குத் தெரியும். ஜனவரியில் கிராம் நூறு ரூபாய்க்குப் பக்கத்தில் இருந்தது, தீபாவளிக்கு முன்னால் 200ஐத் தாண்டிவிட்டது, இப்போது 170 பக்கம் நிற்கிறது. 25 கிராமில் ஒரு ஜோடி ஜிமிக்கி என்றால் வெள்ளிக்கு மட்டும் 2,500 ரூபாய் போட்ட இடத்தில் 5,000 போட வேண்டி வந்தது, கூலியும் கல்லும் தகடும் அதற்கு மேலே. ஒட்டியாணம் கால் கிலோ. தலைசாமான், சூரியன் சந்திரன், ராக்கொடி, ஜடைநாகம், மாட்டல், வங்கி என்று அரங்கேற்றத்துக்கு முழு செட் வெள்ளியில் கேட்கிறவர்களிடம் தொகையைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. சொன்னதும் மறுமுனையில் ஒரு மௌனம், அப்புறம் "வீட்டில் கேட்டுச் சொல்றோம்".

அமெரிக்காக்காரர்கள் இப்படிக் கேட்க மாட்டார்கள், அடுத்த கோடை அரங்கேற்றத்துக்கு இந்த மாதங்களில்தான் ஆர்டர் தருவார்கள். அந்த வாசலும் அடைத்துக்கொண்டது. 800 டாலருக்குக் கீழே உள்ள பார்சலுக்கு அங்கே வரி இல்லாமல் இருந்ததே, அதை ஆகஸ்ட் கடைசியில் எடுத்துவிட்டார்கள். அதே வாரத்தில் நம் சரக்குக்கு 50 சதவீத வரி. நம் தபால்துறையும் ஆகஸ்ட் 25இலிருந்து அமெரிக்கப் பார்சலை நிறுத்தி, அக்டோபர் 15இல்தான் மறுபடி வாங்க ஆரம்பித்தது. கட்டி, முகவரி எழுதி, அரக்கு வைத்த பொட்டலம் அத்தனை நாளும் அலமாரியில் என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தது. இப்போது போகும், ஆனால் வரியோடு போகும். டெக்சாஸ் அம்மா ஒருத்தர், வரியைப் பாதி நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள் என்றார். பேரம் பேசுவதில் உன்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்திருந்தேன், இருக்கிறார்கள்.

இந்த நேரம் பார்த்துத் தம்பி ஒரு திட்டத்தோடு வந்தான். செம்பில் அடித்து மேலே முலாம் போடலாம், ஆபீஸ் போகிற பெண்கள் போடுகிற மாதிரி சின்னச் சின்ன கம்மல், பேஷன் நகை, மாதம் நூறு ஜோடி, கல்லைப் பசையில் ஒட்டலாம் என்கிறான். வேகமாகப் பேசுகிறான், கணக்கும் சரியாகத்தான் இருக்கிறது. நான்தான் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். ராஜ்கோட்டிலும் மச்சிலிப்பட்டினத்திலும் நம்ம சிதம்பரத்திலும் இந்தக் கவரிங் வேலை ஊரோடு ஊராக நடக்கிறது, அவர்கள் விலையோடு நாம் எங்கே முட்டுவது என்றேன். அதற்கு அவன், "அக்கா, நாம கையால் செய்றோம்னு சொல்வோம்" என்றான். அந்த நன்றி அட்டையை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

நானும் யோசிக்காமல் இல்லை. கைவேலை, கைவேலை என்கிறோமே, வாங்குகிறவளுக்கு அது எங்கே தெரிகிறது? மூன்றடி தள்ளி நின்று மேடையில் பார்க்கிறவனுக்கு வார்ப்பும் ஒன்றுதான், நம்முடையதும் ஒன்றுதான். தெரிகிற இடம் ஒன்றே ஒன்று. கல்லோரம். 24 காரட் தகடு, வெங்காயச் சருகைவிட மெல்லிசு, மூச்சு விட்டால் பறக்கும், அதனால் மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்வையோடுதான் அந்த வேலை. நறுக்கின துண்டை ஈர விரல் நுனியில் ஒற்றி எடுத்து, கல்லுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள சந்தில் வைத்து, மழுங்கின முனைக் கம்பியால் ஒரே திசையில் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். திசை மாறினால் கிழியும், அழுத்தம் கூடினால் அரக்குக்குள் போய்விடும். சரியாக உட்கார்ந்துவிட்டால் கல்லைச் சுற்றி ஒரு மஞ்சள் கோடு, விளக்கு வெளிச்சத்தில் கல்லே ஒரு சுற்றுப் பெரிதாகத் தெரியும். எந்த அச்சிலும் அது வராது.

அந்த வேலை இப்போது நம் வீட்டில் அப்பாவுக்கும் அத்தைக்கும் மட்டும்தான் தெரியும். அப்பாவின் கண் விஷயம் சொன்னேன். அத்தைக்கு விரல் நடுக்கம் வந்துவிட்டது, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மறைக்கிறாள். கல் வைக்க, ராவ, பற்றவைக்க நான் தேறிவிட்டேன், இந்தத் தகடு ஒட்டலை மட்டும் 'அப்பா இருக்காரே' என்று எல்லோருமே விட்டுவிட்டோம். ராத்திரி சில நாள் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்டீ. விலை இறங்கும் ஏறும், வரி போடுவான் எடுப்பான், இது போனால் யாரிடம் போய்க் கேட்பது.

அதனால் தினமும் சாயங்காலம் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பழகுகிறேன். அவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும், கையில் சின்னச் சுத்தியல் இருக்கும்போது வாய் இன்னும் மோசம். பழகுவதற்கு என்று ஒற்றைக் கல் கம்மல் ஒரு ஜோடி வெட்டிக் கொடுத்தார். வெள்ளிச் சுவர், நடுவில் ஒரு சிவப்புக் கெம்பு, சுற்றித் தகடு, பின்னால் வெள்ளித் தண்டு. ஜோடி ஆறு கிராம்கூட வராது. சுமாராகத்தான் வந்தது, ஆனால் அதைப் போட்டுக்கொண்டு பேங்குக்குப் போனேன், கவுண்டரில் இருந்த பிள்ளை கடன் பாரத்தை விட்டுவிட்டு, "மேடம், இது எங்கே வாங்கினது" என்று காதையே பார்க்கிறது! ஜீன்ஸ் போடுகிற பிள்ளை. (கடன் என்றது கலைஞர் கைவினைத் திட்டம். 3 லட்சம் வரை தருகிறார்கள், 25 சதவீதம் மானியம், அதிகபட்சம் 50,000. வயது 35 தாண்டியிருக்க வேண்டுமாம். வயதானதில் எனக்கு முதல் லாபம்.)

வீட்டுக்கு வந்து தம்பியிடம் சொன்னேன். உன் சின்னக் கம்மல் யோசனை சரி, செம்பும் பசையும்தான் தப்பு. ஒரு கல், அதிகமானால் மூன்று கல், வெள்ளிதான், தகடுதான். விலை 2,400 வரும், 499 கேட்கிறவள் நம் வாசலுக்கே வர வேண்டாம். மாதம் நூறு ஜோடி நடக்காது, நாற்பது வந்தாலே எனக்கு இடுப்பு போய்விடும். தம்பி விற்கிற பொறுப்பை எடுத்துக்கொண்டான், படமெல்லாம் அவன்தான் எடுக்கிறான். ஆனாலும் செம்பை அவன் முழுசாக விடவில்லை, எனக்குத் தெரியாமல் சாம்பிள் அடித்து வைத்திருக்கிறான். சண்டை பாக்கி இருக்கிறது. அப்பா எந்தப் பக்கமும் பேசவில்லை, "மொதல்ல ஒழுங்கா ஓரம் ஒட்டு" என்று மட்டும் சொன்னார்.

உனக்கு ஒரு வேலை. காலேஜில் கவரிங் கம்மல் போட்டுக் காது பணியாரமாக வீங்கி, ஹாஸ்டல் வார்டன் உன்னை வீட்டுக்கு அனுப்பினாரே, அது அந்த மலிவுத் தண்டிலிருந்த நிக்கலாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. உன் காதைவிட நல்ல சோதனைச்சாலை எனக்குக் கிடைக்காது. ஒரு ஜோடி இதோடு அனுப்புகிறேன். ஒரு வாரம் கழற்றாமல் போட்டு, தலைக்குக் குளித்து, கோர்ட்டுக்கும் போய், சொல். ஓரம் எங்கேயாவது தூக்குகிறதா என்று நகத்தால் தடவிப் பார், துணியால் தேய்க்காதே. காசு அனுப்பிவிடு, ஓசி இல்லை. உன் வீட்டுக்காரர் ஆலோசனை சொன்னதற்கு ஃபீஸில் கழித்துக்கொள்ளலாம் என்று ஆரம்பிப்பாய், அவர் சொன்னது முழுக்க "முடியாது" என்பதுதான், அதற்கெல்லாம் ஃபீஸ் கிடையாது.

உன்,
ஆசாரி மகள்