பெயர் சரியாகத் தெரியாவிட்டால் பெயர் போட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சிறுதொழில் பகுதியில், வாடிக்கையாளர்களுக்கு மொத்தமாக விற்பனைக் கடிதம் அனுப்புவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். என்ன பேப்பர், என்ன கவர், எந்த மாதம் அனுப்பினால் பலன் என்பதெல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் கடிதத்தின் முதல் வரியைப் பற்றி மட்டும், எப்பாடுபட்டாவது பெறுபவரின் பெயரைப் போட்டுவிடுங்கள், அப்போதுதான் மேலே படிப்பார்கள் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்கள். நான் செம்பூரில் ஒரு அச்சகத்தில் டிடிபி, அதாவது கம்ப்யூட்டரில் அச்சுப் பக்கம் அமைக்கும் வேலை பார்க்கிறேன். இந்த மாதிரிக் கடிதங்களை ஆயிரக்கணக்கில் அடித்து, மடித்து, கவரில் போட்டு அனுப்புவது எங்கள் அன்றாட வேலை. அந்த யோசனையை நம்பி மும்பையில் இறங்கினால், அதிலும் தமிழ்க் குடும்பங்களுக்கு அனுப்பும்போது, நல்ல கடிதம்கூட முதல் வரியிலேயே கெட்டுப்போகும். அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே எந்த ஃபாரத்தை எடுத்தாலும் மூன்று கட்டம் இருக்கும்: பெயர், நடுப்பெயர், சர்நேம். மராத்திக்காரருக்கும் குஜராத்திக்காரருக்கும் அது அப்படியே பொருந்திவிடும், தன் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் என்று வரிசையாக எழுதிவிடுவார்கள். நமக்கு அந்த மூன்றாவது சங்கதியே கிடையாது. அதனால் சிலர் அப்பா பெயரைக் கொண்டுபோய்க் கடைசிக் கட்டத்தில் போடுகிறார்கள், சிலர் ஊர்ப் பெயரை, சிலர் இனிஷியலை மட்டும் முதல் கட்டத்தில். அப்புறம் அந்த லிஸ்ட் எக்செல் ஃபைலாக எங்களிடம் வருகிறது, லிஸ்டில் உள்ள பெயர்களை ஒவ்வொரு கடிதத்திலும் தானாக நிரப்பும் மெயில் மெர்ஜில் டியர் மிஸ்டர் என்பதற்குப் பக்கத்தில் சர்நேம் வரும்படி வைத்தால் மகனுக்கு எழுதிய கடிதம் அப்பாவைக் கூப்பிடுகிறது, முதல் பெயர் வரும்படி வைத்தால் 'டியர் எஸ்' என்று ஒற்றை எழுத்தோடு போகிறது. கல்யாணமான பெண்ணாக இருந்தால் கணவர் பெயரில் மிஸ்டர் ஆகிவிடுகிறார். ஆணா பெண்ணா என்பதைப் பெயரை வைத்து ஊகிப்பதும் இந்த ஊரில் நடக்காது. நம் பக்கம் சுமன் என்றால் ஆண்பிள்ளை, இங்கே மராத்தி வீடுகளில் வயதான பெண்கள் எத்தனையோ பேருக்கு அதுதான் பெயர். கிரண் இரண்டு பேருக்கும் உண்டு.

இதெல்லாம் சின்ன விஷயம், யார் கவலைப்படப் போகிறார்கள் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். எங்கள் பில்டிங்கில் ஒரு மாமி இருக்கிறார், கணவர் தவறிப்போய்விட்டார். கொஞ்ச நாள் முன்னால் அந்த மாமாவின் பெயருக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. மாமிக்கு ஆங்கிலம் படிக்க வராது, "மாமா பேர் போட்டு வந்திருக்கு, பேங்க்லேருந்தா, பென்ஷன் விஷயமா, பாரு" என்று கையில் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். காது கேட்கும் கருவி விற்கிற ஒரு கம்பெனியின் விளம்பரம். மேலே மாமாவின் முழுப்பெயர் தடித்த எழுத்தில், கீழே உங்கள் ஆரோக்கியத்தில் அக்கறை கொண்ட நாங்கள் என்று ஆரம்பம். ஒன்றுமில்லை மாமி, விளம்பரம்தான் என்றேன். அப்படியும் அவர் அதைக் கிழித்துப் போடவில்லை, பெயர் இருக்கிறதே என்று மடித்து உள்ளே எடுத்துப் போனார். பொதுவாக ஒரு வணக்கத்தோடு அந்தக் கடிதம் வந்திருந்தால் அவர் என்னிடம் கொண்டுவந்தே இருக்க மாட்டார். பழைய லிஸ்டை விலைக்கு வாங்கிப் பெயர் போட்டு அடிக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பெயர் போடாவிட்டால் மரியாதைக் குறைவு என்கிற எண்ணமே நம்மிடம் இருந்ததில்லை. கல்யாணப் பத்திரிகையைப் பாருங்கள். ஐந்நூறு அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் உள்ளே 'அன்புடையீர்' என்றுதான் இருக்கும். பெயரைக் கவர் மேல் கையால் எழுதுவோம், குடும்பத்தினர் என்று சேர்ப்போம், மூலையில் மஞ்சள் தடவுவோம். உள்ளே என் பெயர் இல்லையே என்று எந்தச் சித்தப்பாவும் கோபித்துக்கொண்டதில்லை. கவர் மேல் பெயர், உள்ளே எல்லோருக்கும் பொதுவான விளிப்பு, இந்த ஏற்பாடு விற்பனைக் கடிதத்துக்கும் அப்படியே பொருந்தும். மாட்டுங்காவில் சேலைக்கடை வைத்திருக்கிற ஒருவர் தீபாவளிக்குத் தமிழ் வீடுகளுக்கு அனுப்பும் கடிதம் 'அன்புடையீர், வணக்கம்' என்று ஆரம்பித்தால் போதும், வேறு எந்த ஜோடனையும் வேண்டாம். மராத்தியிலும் இதே வசதி உண்டு, 'சப்ரேம் நமஸ்கார்' என்று போட்டுவிட்டால் ஆண், பெண், பெரியவர், சின்னவர் யாருக்கும் உறுத்தாது.

ஆங்கிலத்தில்தான் தொல்லை. டியர் சார் என்பது பெண்களை விட்டுவிடுகிறது. டியர் சார் ஆர் மேடம் தப்பில்லை, ஆனால் அதைப் பார்த்ததும் யாரும் மேலே படிக்க ஆசைப்படுவதில்லை, ஆபீஸ் சர்க்குலர் என்று நினைத்துத் தள்ளிவிடுகிறார்கள். டு ஹூம் இட் மே கன்சர்ன் என்பது சான்றிதழுக்குத்தான் சரி. டியர் ஃப்ரெண்ட் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது, முகம் தெரியாத ஒருவர் எழுபது வயதுப் பெரியவரை நண்பரே என்று கூப்பிட என்ன உரிமை? அன்புள்ள வாடிக்கையாளரே என்பதை, உங்களிடம் ஒருமுறையாவது பொருள் வாங்கியவருக்கு மட்டும் போடுங்கள். வாங்காதவருக்குப் போட்டால் முதல் வரியே பொய்.

நான் எங்களிடம் வருகிறவர்களுக்குச் சொல்வது, படிக்கிறவர் எந்த நிலையில் இருந்து படிக்கிறார் என்று பார்த்து அதைச் சொல்லிக் கூப்பிடுங்கள் என்பதுதான். மழைக்காலத்துக்கு முன்னால், மார்ச் ஏப்ரலில், வாட்டர்ப்ரூஃபிங் செய்கிறவர்கள் மும்பை முழுக்க ஹவுசிங் சொசைட்டிகளுக்குக் கடிதம் போடுவார்கள். சொசைட்டிக்குக் கமிட்டி மாறும், செக்ரெட்டரி மாறுவார், பழைய செக்ரெட்டரி பெயர் போட்ட கடிதத்தைப் புதியவர் பிரிப்பதே இல்லை, வாட்ச்மேன் மேஜையிலேயே கிடக்கும், பழையவர் வீட்டைக் காலி செய்து தானே நகரத்துப் பக்கம் போயிருப்பார். 'மதிப்பிற்குரிய செக்ரெட்டரி மற்றும் கமிட்டி உறுப்பினர்களுக்கு' என்று இருந்தால் யார் பதவியில் இருந்தாலும் அது அவருக்கு வந்த கடிதம். இதையே இன்னும் நெருக்கமாக, 'மொட்டைமாடி ஒழுகும் சொசைட்டியின் செக்ரெட்டரிக்கு' என்றுகூடப் போடலாம், ஒழுகல் இருக்கிறவர் கட்டாயம் படிப்பார். டாக்டர்களுக்கு அனுப்பினால் டாக்டர் அவர்களுக்கு, பள்ளிக்கு அனுப்பினால் தலைமையாசிரியர் அவர்களுக்கு. 'அவர்களுக்கு' என்று முடித்தால் திருவா திருமதியா செல்வியா என்ற ஆராய்ச்சியே தேவையில்லை.

தபால் துறையில் டைரக்ட் போஸ்ட் என்று ஒரு சேவை இருக்கிறது, பெயரும் முகவரியும் இல்லாத விளம்பரத் தாளை, நாம் சொல்கிற பகுதியில் தபால்காரரே வீடுவீடாகப் போட்டுவிடுவார். அதற்கெல்லாம் செம்பூர்வாசிகளுக்கு வணக்கம் என்று பகுதியின் பெயரைச் சொன்னாலே போதும்.

பெயர் போட்டே தீருவேன் என்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களிடம் பில் போட்டவர்களின் லிஸ்டாக மட்டும் இருக்கட்டும், அதையும் ஒருவர் உட்கார்ந்து வரிவரியாகப் பார்க்கட்டும், எப்படி அழைக்க வேண்டும் என்பதற்கே லிஸ்டில் தனியாக ஒரு கட்டம் வைத்து அதில் கையால் நிரப்புங்கள். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் 'அன்புடையீர்' வரும்படி வேர்டில் இஃப் தென் எல்ஸ் ரூல் போட்டுவிடலாம், பெயரே இல்லாமல் டியர் என்பதற்குப் பின்னால் வெறும் கமா தொங்குகிற அவலம் நேராது. அச்சடிக்கும் முன் முதல் பத்துக் கடிதங்களை மட்டும் பார்க்காமல், நடுவில் இருந்தும் கடைசியில் இருந்தும் சிலவற்றைத் திறந்து பாருங்கள், தப்பு அங்கேதான் இருக்கும். வெளியில் வாங்கிய லிஸ்ட் வேண்டவே வேண்டாம். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே ஒருவரின் சம்மதத்தை அடிப்படையாக வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. என் பெயர் உனக்கு எப்படிக் கிடைத்தது என்று வாடிக்கையாளர் போன் போட்டுக் கேட்டால், கடைக்காரரிடம் அதற்கு ஒரு பதில் இருக்க வேண்டும்.

சிறுதொழில் பகுதியில் இந்தத் தொடர் இன்னும் வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அடுத்த முறை தமிழில் ஒரு மாதிரிக் கடிதத்தையும், கவர் மேல் எழுத வேண்டியதையும் சேர்த்து முழுதாக வெளியிட்டால், தாராவியிலும் மாட்டுங்காவிலும் கடை வைத்திருக்கிற நம்மவர்கள் அதை வெட்டி எடுத்துக்கொண்டு நேராக அச்சகத்துக்கு வருவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செம்பூர், மும்பை