படிச்சுப் பார்க்க சொல்றீங்க, படிக்க விடமாட்டேங்கறீங்க: முதலீட்டு ஆப் டீமுக்கு ஒரு திறந்த மடல்

ஆப்பை டிசைன் பண்ற டீமுக்கும், அதுக்கு ஓகே சொல்ற மேனேஜ்மெண்டுக்கும் வணக்கம்.

புது அப்டேட் வந்ததுல இருந்து உங்க ஆப்ல ஃபண்டுக்கு அப்ளை பண்றவங்க என்ன பாடு படறாங்கன்னு உங்களுக்கு தெரியாம இருக்காது, ரிவ்யூ பக்கத்துல எல்லாரும் அதையேதான் எழுதறாங்க, கஸ்டமர் கேர்ல புகார் குடுத்தா "ஆப்பை அன்இன்ஸ்டால் பண்ணிட்டு திரும்ப முயற்சி செய்யுங்கள்"னு ஒரே பதில்தான் வருது. அதனாலதான் நாலு பேர் பாக்கற மாதிரி இங்க எழுதறேன். கேக்கறது ஒண்ணே ஒண்ணு: டைப் பண்ணதை சேவ் பண்ணி வைங்க, படிக்க நேரம் குடுங்க.

அம்மா ரிட்டயர் ஆனப்ப வந்த பணத்துல ஒரு பங்கை உங்க ஃபண்டுல போடலாம்னு முடிவு பண்ணாங்க. தன் பணம், தானே பண்ணிக்கறேன்னு சொன்னாங்க, நான் பக்கத்துல உக்காந்திருந்தேன், அவ்வளவுதான். கேஒய்சி முடிஞ்சுது, முகவரி, பேங்க் விவரம் எல்லாம் போட்டாச்சு, அடுத்தது நாமினி. நாமினியோட பிறந்த தேதியை டைப் பண்ண முடியாது, காலண்டர்தான் திறக்குது, அதுவும் இந்த மாசத்துல நிக்குது, வருஷத்தை நேரா மாத்த வழியே இல்ல, முப்பது வருஷம் பின்னாடி போகணும்னா அம்புக்குறியை 360 தடவை தட்டணும். அதையும் தட்டினாங்க. கையெழுத்து போட்டோ ஏத்தினா "ஃபைல் பெரியது"ன்னு சிவப்புல வருது, எவ்வளவு இருக்கலாம்னு எங்கயும் போடல. அதை நான் சின்னதாக்கி குடுத்தேன்.

அப்புறம் ரிஸ்க் கேள்விகள். போட்ட பணம் 20 சதவீதம் விழுந்தா என்ன செய்வீங்கன்னு கேக்கறீங்க. அம்மா அதுக்கு நெஜமாவே யோசிச்சாங்க, எது அவசரத்துக்கு வேணும், எதை தொடாம விடலாம்னு கணக்கு போட்டு பார்த்துட்டுதான் பதில் தட்டினாங்க. கடைசியா ஆவணம் வந்துது. "திட்டம் சார்ந்த எல்லா ஆவணங்களையும் கவனமாக படிக்கவும்"னு மேலயே போட்டிருக்கீங்க. போன் திரையில பிடிஎஃப், பொடி எழுத்து, ரெண்டு விரலால பெருசாக்கி பெருசாக்கி ஒவ்வொரு வரியா படிச்சாங்க. எக்ஸிட் லோடுன்னா (சீக்கிரமே பணத்தை எடுத்தா பிடிக்கற கட்டணம்) என்ன, எத்தனை நாளுக்குள்ள எடுத்தா பிடிப்பாங்க, எக்ஸ்பென்ஸ் ரேஷியோ (ஃபண்டை நடத்தற செலவுக்கு எடுக்கற பங்கு) வருஷா வருஷமா போகுமான்னு எங்கிட்ட கேட்டு கேட்டு புரிஞ்சுக்கிட்டு, திருப்தியா ஆப்புக்கு திரும்பி வந்தா "உங்கள் செஷன் முடிந்துவிட்டது". மறுபடி லாகின், மறுபடி ஓடிபி, உள்ள போனா முதல் பக்கம், எல்லா கட்டமும் காலி. நாமினி, கையெழுத்து, யோசிச்சு போட்ட பதில் ஒண்ணுகூட இல்ல.

அம்மா கோவப்படக்கூட இல்ல. "இந்த தடவை அதை படிக்காமலே டிக் போட்டுடட்டுமா, இல்லன்னா மறுபடி போயிடும்ல?"னு கேட்டாங்க.

இந்த கேள்வியை உங்க அடுத்த மீட்டிங்ல தயவுசெஞ்சு ஒருத்தர் சத்தமா படிங்க. ஆவணத்தை படிக்கிறவங்களைத்தான் உங்க ஆப் வெளிய தள்ளுது, படிக்காம கீழ வரைக்கும் இழுத்து "படித்து புரிந்துகொண்டேன்"ல டிக் போடறவங்க சுலபமா உள்ள போயிடறாங்க. நாளைக்கு சந்தை விழுந்து யாராவது வந்து கேட்டா அந்த டிக்கைத்தான காட்டுவீங்க? படிக்க நேரமே குடுக்காம வாங்கின சம்மதத்துக்கு என்ன மதிப்பு இருக்கு?

பாதுகாப்புக்காகத்தான் டைம்அவுட்னு சொல்வீங்க. சரிங்க, பணம் சம்பந்தப்பட்ட ஆப், போனை யாராவது எடுத்துட்டா ஆபத்துதான், லாகவுட் பண்ணுங்க, அதுல எனக்கு எந்த சண்டையும் இல்ல. ஆனா லாகவுட் பண்றது வேற, அழிக்கிறது வேற. உங்க சர்வர்ல டிராஃப்டா வைங்க, ஓடிபி போட்டு திரும்ப வந்ததும் விட்ட பக்கத்துலயே நிறுத்துங்க. இது நான் புதுசா கண்டுபிடிச்ச யோசனை இல்ல. இணையத்துக்கு தரம் வகுக்கற டபிள்யூ3சி அமைப்பு, மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தற மாதிரி தளம் அமைக்க வெளியிட்ட டபிள்யூசிஏஜி வழிகாட்டில 2008-லயே இருக்கு: நேர வரம்பை நிறுத்தவோ கூட்டவோ முதல்லயே வழி குடுக்கலைன்னா, நேரம் முடியறதுக்கு முன்னாடி எச்சரிக்கணும், ஒரு தட்டுல நீட்டிக்க குறைஞ்சது 20 செகண்டாவது குடுக்கணும், அப்படி குறைஞ்சது பத்து தடவை நீட்டிக்க விடணும். இது அதுல அடிமட்ட தகுதி, ஏ லெவல். மறுபடி லாகின் பண்ணினா டேட்டா போகாம தொடரணும்ங்கறதும் அதே வழிகாட்டில உயர்ந்த லெவல்ல இருக்கு. 2023 அக்டோபர்ல வந்த 2.2 பதிப்புல இன்னொண்ணு சேர்த்தாங்க, ஒரே அப்ளிகேஷனுக்குள்ள ஏற்கனவே குடுத்த விவரத்தை திரும்ப டைப் பண்ண சொல்லக்கூடாது, தானா வரணும் இல்ல தேர்ந்தெடுக்கற மாதிரி இருக்கணும். உங்க ஆப்ல முகவரியை கேஒய்சிலயும் கேக்கறீங்க, நாமினிலயும் கேக்கறீங்க. ஒரே வீட்டுல இருக்கறவங்களுக்கு "மேலே உள்ள அதே முகவரி"ன்னு ஒரு டிக் வைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

இன்னொண்ணு சொல்லாம இருக்க முடியல. பாதில நின்ன மறுநாள் காலையில உங்க சேல்ஸ்ல இருந்து போன். "மேடம், உங்க அப்ளிகேஷன் பாதில நிக்குது, முடிச்சுடலாமா?" பேர் தெரியுது, நம்பர் தெரியுது, எந்த ஃபண்டுன்னுகூட தெரியுது. அப்போ சேவ் பண்ண உங்களுக்கு முடியாம இல்லைங்க, உங்களுக்கு வேணும்ங்கறதை மட்டும் சேவ் பண்ணியிருக்கீங்க. பணம் போடறதுக்கு முதல் திரையிலயே பெரிய பச்சை பட்டன், பணம் எடுக்கறதுக்கு மெனுவுக்குள்ள மெனுவுக்குள்ள மெனு. நோபல் வாங்கின பொருளாதார நிபுணர் ரிச்சர்ட் தேலர், ஜனங்களை அவங்களுக்கே நல்லதான காரியத்தை செய்ய விடாம இழுத்தடிக்கிற இந்த மாதிரி ஏற்பாட்டை பத்தி 2018-லயே எழுதி கண்டிச்சிருக்கார். உங்க டிசைனர்கள் இதெல்லாம் படிக்காதவங்கன்னு நான் நினைக்கல. அவங்க சொல்லியும் கேக்காத யாரோ மேல இருக்காங்கன்னுதான் நினைக்கறேன், அவங்களுக்குத்தான் முக்கியமா இந்த கடிதம்.

குரல் கொஞ்சம் ஓங்கியிருந்தா மன்னிச்சுக்கோங்க. பணிவாவே கேக்கறேன். ஒவ்வொரு பக்கமும் முடிஞ்சதும் தானா சேவ் ஆகணும். ஆவணம் திறந்திருக்கற நேரத்தை சும்மா இருக்கற நேரமா எண்ணக்கூடாது. அந்த பிடிஎஃப்பை அப்ளிகேஷன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே, லாகின் இல்லாம, பெரிய எழுத்துல படிக்கற மாதிரி குடுங்க, வீட்டுல நாலு நாள் வச்சு படிச்சுட்டு வரட்டும். மத்ததெல்லாம், காலண்டர், போட்டோ சைஸ் எல்லாம் அப்புறம் சரி பண்ணிக்கலாம். டைப் பண்ணதை சேவ் பண்றதும் படிக்க நேரம் குடுக்கறதும் முதல்ல வரணும்.

அம்மா இன்னும் டிக் போடல, நான் வேண்டாம்னு சொல்லி வச்சிருக்கேன். சேல்ஸ்ல இருந்து அவங்களுக்கு திரும்ப கூப்பிட வேண்டாம். இந்த மாற்றம் எந்த அப்டேட்ல, எந்த தேதியில வரும்னு மட்டும் எல்லாருக்கும் தெரியற மாதிரி பதில் போடுங்க.

இப்படிக்கு,
உங்க கஸ்டமர் ஒருத்தரோட மக