அப்பாவோட பிஎஸ்ஏ ரிசல்ட் பத்தி

தம்பி,

பிஎஸ்ஏ 6.8னா கேன்சராம்மான்னு நீ கேட்டிருந்த, பெர்த்துல தனியா உக்காந்துகிட்டு நெட்ல கண்டதையும் படிச்சு பயந்திருப்ப. போன்ல பேசினா அப்பா பக்கத்துலயே இருப்பாரு, அதான் எழுதுறேன்.

அந்த நம்பர் மட்டும் வச்சு கேன்சர்னு யாரும் சொல்ல முடியாதுப்பா. பிஎஸ்ஏங்கறது புரோஸ்டேட்ல, அதான் ஆம்பளைங்களுக்கு மூத்திரப்பைக்கு கீழ இருக்கற சுரப்பியில, எல்லாருக்கும் சுரக்கற ஒரு புரதம்தான், அதுல கொஞ்சம் ரத்தத்துல கலக்குது. 4க்கு மேல போனா பாக்கணும்னு பொதுவா சொல்வாங்க, ஆனா சுரப்பி வீங்கினாலும் ஏறும், யூரின் இன்ஃபெக்‌ஷன் இருந்தாலும் ஏறும். அதனாலதான் பாலிகிளினிக்ல, அதான் நம்ம கவர்மென்ட் கிளினிக்ல, யூரின் டெஸ்ட் எடுத்து இன்ஃபெக்‌ஷன் இல்லன்னு உறுதி பண்ணிட்டு, சில வாரம் விட்டு திரும்பவும் ரத்தம் எடுத்தாங்க, டெஸ்டுக்கு முன்னாடி ரெண்டு நாள் ஈஸ்ட் கோஸ்ட் பக்கம் சைக்கிள் ஓட்ட வேணாம்னுட்டாங்க, அதுவும் நம்பர ஏத்துமாம். அப்பவும் இறங்கல, சரின்னு யூராலஜிக்கு, அதான் மூத்திர சம்பந்தமான டாக்டருங்ககிட்ட, அனுப்பினாங்க.

அங்க ஸ்கேன்ல சுரப்பி 62 மில்லி. சாதாரணமா 20, 30க்குள்ள இருக்குமாம். மூத்திரக்குழாய் அந்த சுரப்பிக்கு நடுவுலதான் போகுது, அது பெருத்து குழாய நெருக்குறதாலதான் அப்பா ராத்திரி தூங்காம எந்திரிச்சு எந்திரிச்சு பாத்ரூம் போறாரு, போயும் முழுசா போன மாதிரி இல்லங்கறாரு. டாக்டர் எங்க முன்னாடியே 6.8ஐ 62ஆல வகுத்து காட்டினாங்க, 0.11 வந்துச்சு, 0.15க்கு கீழ இருந்தா பெரிய சுரப்பியாலயே ஏறியிருக்க வாய்ப்பு அதிகமாம். அதக் கேட்டப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு.

ஆனா பெரியப்பாவுக்கு புரோஸ்டேட் கேன்சர் வந்ததையும் சொன்னேன். அப்பா அத சொல்லவேயில்ல, நான்தான் சொன்னேன், கூடப்பிறந்தவங்களுக்கு இருந்தா ரிஸ்க் கூடுமில்ல. அதனால எம்ஆர்ஐயும் எடுத்துடலாம்னாங்க. அதுல சந்தேகப்படற மாதிரி ஏதாச்சும் தெரிஞ்சாதான் ஊசி போட்டு சதை எடுத்து பாப்பாங்க, அப்படியே இருந்தாலும் எல்லா புரோஸ்டேட் கேன்சரும் உடனே ஆபரேஷன் பண்ற ரகம் இல்ல, மெதுவா வளர்றத டெஸ்ட் எடுத்து கண்காணிச்சுகிட்டே இருப்பாங்க.

இப்போதைக்கு டாம்சுலோசின் குடுத்திருக்காங்க, குழாய சுத்தியிருக்க தசைய தளர்த்துமாம், படுக்கையிலேர்ந்து சட்டுன்னு எந்திரிச்சா தலை சுத்தும், அதுக்காக ராத்திரி ஹால் லைட்ட போட்டே வச்சிருக்கேன். பின்னாடி ஃபினாஸ்டரைடும் குடுக்கலாம்னாங்க, அது சுரப்பிய மெல்ல சுருக்கும், ஆனா ஆறு மாசத்துல பிஎஸ்ஏவையும் பாதியா காட்டும், அப்ப குறைஞ்சிடுச்சேன்னு நாம அசந்துடக் கூடாது.

டிக்கெட் இப்ப போடாத, எம்ஆர்ஐ ரிசல்ட் வரட்டும், நானே சொல்றேன். மூக்கடைப்புக்கு கடையில வாங்கற மாத்திரை மூத்திரத்த அடைச்சிடும், டாக்டர கேக்காம சாப்பிடக் கூடாது, மூத்திரமே வரலன்னா உடனே ஏ அண்ட் ஈ, அதான் ஆஸ்பத்திரி அவசர சிகிச்சைக்கு, போயிடணும். இத அப்பாகிட்ட நீயும் ஒரு தடவ சொல்லு, நீ சொன்னா கேட்டுப்பாரு.

அம்மா