அந்த ‘உம்’

லோவர் ஹட், நியூசிலாந்து
ஞாயிறு காலை

அன்பு மகளுக்கு,

நீ துணைத் தலைமையாசிரியர் ஆனதை அம்மா பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எனக்கும் பெருமைதான். ஆனால் நேற்று தொலைபேசியில் நீ சொன்ன ஒன்று இரவெல்லாம் என்னைத் தூங்கவிடவில்லை. “மாவோரிக் குழந்தைகளுக்கான திட்டத்தை எழுதி முடித்துவிட்டேன் அப்பா, அவர்கள் வீட்டாரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்” என்றாய். மாவோரிகள் இந்த நாட்டின் பூர்வகுடிகள். அந்த ‘உம்’தான் உறுத்துகிறது.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நீ மூன்றாம் வகுப்பில் இருந்தபோது நான் பள்ளி நிர்வாகக் குழுவில் இருந்தேன். ஒரு மாலை, கூட்டத்துக்கு ஒரு மாவோரிப் பாட்டி வந்தார். அவருடைய பேரன் கோஹாங்கா ரெயோ என்ற மாவோரி மொழி மழலையர் பள்ளியில் வளர்ந்து, ஐந்து வயதில் நம் பள்ளிக்கு வந்தவன். பாட்டி அவனுடைய நோட்டைக் கொண்டுவந்திருந்தார். அட்டையில் ஆசிரியை தன் வசதிக்காக அவன் பெயரைப் பாதியாக வெட்டி எழுதியிருந்தார். பாட்டி அதன்மேல் வெள்ளைத் தாளை ஒட்டி, முழுப் பெயரையும் நிதானமாக எழுதியிருந்தார். பசை காய்ந்து தாளின் ஒரு மூலை மடங்கியிருந்தது; பேசும்போதெல்லாம் அதைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே இருந்தார். ஒரு வகுப்பறை, தாங்கள் தேர்ந்தெடுக்கும் ஓர் ஆசிரியர், தங்கள் மொழியில் பாடம். இவ்வளவுதான் அவர் கேட்டது.

தேநீர் கொடுத்தோம். பரிசீலிப்பதாகச் சொன்னோம். வெள்ளிக்கிழமைதோறும் அரை மணி நேரம் மாவோரிப் பாட்டு என்று தீர்மானம் போட்டோம். நானும் கை தூக்கினேன். வீட்டில் உன்னை “தமிழில் சொல்” என்று அதட்டிக்கொண்டிருந்த அதே நான். அடுத்த பருவத்தில் அந்தப் பையன் பள்ளியில் இல்லை.

அவர் கேட்டது எவ்வளவு பெரிய வரலாற்றின் தொடர்ச்சி என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. 1867இல் வந்த சட்டம் மாவோரிக் குழந்தைகளுக்கு ஆங்கிலவழிப் பள்ளிகளைக் கொண்டுவந்தது. தாய்மொழியில் பேசியதற்காக அடிவாங்கிய தலைமுறைகள் உண்டு. 1972இல் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டுப் பள்ளிகளில் தங்கள் மொழி வேண்டும் என்று நாடாளுமன்றத்திடம் மனு கொடுத்தார்கள். 1982இல், நம் வீட்டிலிருந்து மலையைத் தாண்டினால் வரும் வைனுயோமாத்தாவில், முதல் கோஹாங்கா ரெயோ பிறந்தது. மொழிக் கூடு என்று பொருள். மொழி மிச்சமிருந்தது பாட்டி தாத்தாக்களின் நாவில். ஆகவே அவர்களையும் பச்சைக் குழந்தைகளையும் ஓரிடத்தில் சேர்த்தார்கள். அங்கே நிர்வாகம் குடும்பங்களின் கையில்.

கூட்டில் பேசிய பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குப் போனதும் மொழியை இழப்பதைப் பெற்றோர் பார்த்தார்கள். 1985இல் ஆக்லாந்தின் மேற்கில், ஹோவானி வைத்திதி மராயில், அதாவது மாவோரிச் சமூகம் கூடும் இடத்தில், தாங்களே ஒரு பள்ளியைத் தொடங்கினார்கள். அப்படிப்பட்ட பள்ளிகளைச் சட்டம் ஏற்றுக்கொண்டது 1989இல்தான். அந்தப் பள்ளிகளின் அடிப்படைக் கொள்கையான தே அஹோ மாத்துவா சட்டத்தில் இடம்பெற இன்னும் பத்தாண்டு ஆனது. ஒவ்வொரு முறையும் அவர்கள் முன்னே நடந்தார்கள், சட்டம் பின்னால் வந்தது. எங்கள் குழுவுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

உன் அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை, கண்ணு. எங்கள் குழுவில் இருந்தவர்களும் கெட்டவர்கள் இல்லை. அடுத்தவர் வீட்டுப் பிள்ளைக்கு எது நல்லது என்று நாங்களே முடிவெடுக்கலாம் என நினைத்தோம், அவ்வளவுதான்.

நீ எழுதியதை இப்போதைக்கு மேஜை டிராயரில் வை. மராயில் கூட்டம் வைக்க அனுமதிப்பார்களா என்று அவர்களிடம் கேள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போ; அது உனக்குப் பழகியதுதான். தலைமை அவர்களிடம் இருக்கட்டும், நீ குறிப்பெடு. ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பதிலும் பணத்தைச் செலவிடுவதிலும் அவர்கள் முடிவே முடிவு என்று உன் தலைமையாசிரியரிடம் எழுதி வாங்கு. அதற்காக நீ சண்டை போட நேர்ந்தால் போடு.

அந்தப் பாட்டியைச் சில மாதங்கள் கழித்துப் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். “கியா ஓரா” என்று சிரித்தார். பேரன் எங்கே படிக்கிறான் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அம்மா எலுமிச்சை ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள். ஈஸ்டருக்கு வரும்போது எடுத்துக்கொண்டு போ. கூட்டம் என்றைக்கு என்று எழுது.

அன்புடன்,
அப்பா