கைப்பக்குவம் அல்ல, டின்தான் காரணம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் தங்கள் சமையல் பகுதியில் வந்த வெண்ணெய் கேக் குறிப்பைப் பார்த்து, எங்கள் தெருப் பெண் ஒருத்தி அப்பாவின் பிறந்தநாளுக்குக் கேக் செய்தாள். மாலையில் அதைத் தட்டோடு தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். "அத்தை, எனக்குக் கைப்பக்குவமே இல்லை" என்று சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கேக்கைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியை விரலால் தேய்த்ததும் கரி காபித்தூளாக உதிர்ந்தது. மேலே நடுவில் மேடிட்டு வெடித்திருந்தது. வெட்டினால் உள்ளே இன்னும் பச்சை மாவு.

எதில் ஊற்றினாய் என்று கேட்டேன். புதிதாக வாங்கிய கறுப்பு நான்ஸ்டிக் டின், ஆறு அங்குலம். குறிப்பிலோ "வெண்ணெய் தடவிய டின்னில் ஊற்றி 180 டிகிரியில் 40 நிமிடம்" என்பதோடு சரி. எந்த டின், எத்தனை அங்குலம் என்று ஒரு சொல் இல்லை. இதில் அவள் கையின் குற்றம் என்ன இருக்கிறது?

மறுநாள் அவளை அருகில் வைத்துக்கொண்டே அதே கலவையை இருமுறை கலந்து, பளபளப்பான அலுமினிய டின்னில் ஒன்றும் கறுப்பு டின்னில் ஒன்றுமாகச் செய்தேன். இரண்டும் எட்டு அங்குலம். அலுமினியத்தில் வெந்தது அடி முதல் மேல்வரை ஒரே பொன்னிறம். கறுப்பு டின்னுக்கு வெப்பத்தை 165 டிகிரியாகக் குறைத்தேன். அதுவும் நன்றாகவே வந்தது. பளபளப்பான உலோகம் அனலின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். கறுப்பு அதை உள்வாங்கிக்கொள்ளும். ஆகவே நடு வேகும் முன்பே ஓரம் இறுகிக் கருகுகிறது.

அளவும் அப்படியே. எட்டு அங்குல வட்ட டின்னின் பரப்பு ஏறக்குறைய 50 சதுர அங்குலம். ஆறு அங்குலத்துக்கு 28தான். எட்டுக்கு எழுதிய கலவையை ஆறில் ஊற்றினால் உயரம் இரு மடங்கை நெருங்கும். 40 நிமிடத்தில் எப்படி வேகும்?

கண்ணாடிப் பாத்திரம் மெதுவாகச் சூடாகும்; சூடேறினால் லேசில் விடாது, வெளியே எடுத்த பிறகும் அடி சிவந்துகொண்டே இருக்கும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கண்ணாடியை நேரே சூடான ஓவனில் வைத்தால் விரிசல் விடக்கூடும் என்பதையும் எச்சரிக்கையாக அச்சிட வேண்டும். சிலிகான் அச்சில் கேக் ஒட்டாது, ஆனால் நிறமும் ஏறாது. அதைத் தட்டில் வைத்த பிறகே கலவையை ஊற்ற வேண்டும். இல்லையெனில் தூக்கும்போது வளைந்து கொட்டிவிடும்.

பிஸ்கட்டுக்குப் பலரும் ஓவனோடு வரும் கறுப்புத் தட்டையே எடுக்கிறார்கள். வீட்டு ஓவனில் அது சுவரோடு சுவராக அடைத்துக்கொள்வதால் சூடு மேலே சுழல வழியில்லை. கீழ்க் கம்பியின் அனல் முழுவதும் அடியில்தான் தாக்கும். நான்கு பக்கமும் இடம் விடுகிற சிறிய, வெளிர்நிற அலுமினியத் தட்டு போதும். விளிம்பு தாழ்வாக இருந்தால் இன்னும் நல்லது, ஓரத்துப் பிஸ்கட்டும் நடுவில் இருப்பதைப் போலவே சிவக்கும். அந்தத் தட்டு இல்லாதவர்கள் இருக்கும் தட்டுக்கு அடியில் இன்னொன்றை அடுக்கி வைத்தால் அடி தீயாது. எட்டு ஆண்டுகளாக ஆர்டர் எடுத்துச் செய்கிறேன். இன்றும் இப்படித்தான் அடுக்குகிறேன்.

டிசம்பர் இதழில் கிறிஸ்துமஸ் பழக் கேக் குறிப்பு வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேகக்கூடிய கேக் அது. டின்னின் உலோகம், நிறம், அங்குலம், உயரம் நான்கையும் பொருள்களின் பட்டியலுக்கு மேலேயே போடுங்கள். உள்ளே பட்டர் பேப்பரை இரண்டடுக்காக விரிக்க வேண்டும் என்பதும் விட்டுப்போகக் கூடாது. அந்தப் பெண் இப்போதே முந்திரியும் திராட்சையும் வாங்கி வைத்துவிட்டாள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
பாளையங்கோட்டை.