10சி பாரத்தில் கையெழுத்துப் போடும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் பவர் டேபிள் டெய்லராக இருந்தவள். மூன்று கம்பெனிகளில் சேர்த்து 22 வருஷம் 10 மாதம் எனக்கு பி.எஃப். பிடித்திருக்கிறார்கள். 58 வயது முடிந்ததும் பென்ஷனுக்கான 10டி பாரத்தை எடுத்துக்கொண்டு பி.எஃப். அலுவலகத்துக்குப் போனேன். கம்ப்யூட்டரைப் பார்த்த அலுவலர், "உங்க சர்வீஸ் ஆறு வருஷம் எட்டு மாசம்தான்மா காட்டுது. பத்து வருஷம் இருந்தாத்தான் பென்ஷன்" என்றார். தப்பாகப் பார்க்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் பொறுமையாகத் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். முதல் இரண்டு கம்பெனிகளுக்கு நேரே, பென்ஷன் பணம் எடுக்கப்பட்டுவிட்டது என்று இருந்தது.

எடுத்தது நான்தான். 1999 முதல் 2006 வரை ஒரு கம்பெனியில் 7 வருஷம். 2007 முதல் 2016 வரை இன்னொன்றில் 9 வருஷம் 2 மாதம். ஒவ்வொரு தடவை வேலையை விட்டதும், கூட வேலை பார்த்தவர்கள் எல்லோரும் போகிற ஏஜென்ட்டிடமே நானும் போனேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பாரங்களை நீட்டுவார். ஒன்று 19, இன்னொன்று 10சி. ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, பென்சிலால் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போடச் சொல்வார். "இது பி.எஃப். பணம், அது பென்ஷன் பணம், ரெண்டும் உங்க அக்கவுண்ட்டுக்கு வந்துடும்கா" என்பார். வந்தது. முதல் தடவை ஓட்டைப் பிரித்துவிட்டு கூரைக்கு காங்கிரீட் போட்டோம். இரண்டாவது தடவை மகனின் பாலிடெக்னிக் ஃபீஸ் கட்டினோம். வீண் செலவு ஒன்றும் செய்யவில்லை.

ஆனால் 19 என்பது என் சேமிப்பு, 10சி என்பது என் வருஷங்கள் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. நம் சம்பளத்தில் 12 சதவீதம் பிடிக்கிறார்கள், கம்பெனியும் 12 சதவீதம் போடுகிறது. கம்பெனி போடுவதில் 8.33 சதவீதம் பென்ஷன் நிதிக்குப் போய்விடும், மீதி 3.67தான் பி.எஃப்.பில் சேரும். 10சி போட்டுப் பென்ஷன் பணத்தை எடுத்தால் அந்தக் கம்பெனியில் உழைத்த வருஷங்கள் கணக்கிலிருந்து அழிந்துவிடும். அடுத்த கம்பெனியில் மறுபடி முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும்.

என் மனதை இன்றும் அறுப்பது வேறொன்று. அதே 10சி பாரத்திலேயே, பணம் வேண்டாம், சர்வீஸுக்குச் சான்றிதழ் கொடுங்கள் என்று கேட்கவும் இடம் இருக்கிறது. ஸ்கீம் சர்டிபிகேட் என்று பெயர். அப்படிக் கேட்டிருந்தால் பி.எஃப். பணத்தை எடுத்து வீட்டைக் கட்டியிருக்கலாம், வருஷங்களும் பிழைத்திருக்கும். ஒரே தாளில் ஒரு குறியை மாற்றிப் போட்டிருந்தால் போதும்.

பென்ஷன் கணக்கு, சராசரிச் சம்பளத்தை சர்வீஸ் வருஷத்தால் பெருக்கி 70ஆல் வகுப்பது. 2014 செப்டம்பருக்கு முந்தைய வருஷங்களுக்குச் சம்பள உச்சவரம்பு 6,500 ரூபாய்தான், அதற்குப் பிறகு 15,000. அப்படிக் குறைத்துப் போட்டும் எனக்கு மாதம் இரண்டாயிரத்துக்கு மேல் வந்திருக்கும். பெரிய தொகை இல்லை, சரி. ஆனால் மாதாமாதம் என் பிரஷர், சுகர் மாத்திரைக்கு மகனிடம் கை நீட்டாமல் இருந்திருப்பேன்.

2025 அக்டோபரில், பென்ஷன் பணத்தை முன்கூட்டி எடுக்க 2 மாதத்துக்குப் பதில் 36 மாதம் காத்திருக்க வேண்டும் என்று பி.எஃப். மத்திய அறங்காவலர் குழு முடிவெடுத்த செய்தி வந்தபோது, எங்கள் லைனில் பலரும் கோபப்பட்டார்கள். நம் பணத்தை நாம் எடுப்பதைத் தடுக்க இவர்கள் யார் என்று கேட்டார்கள். சாப்பாட்டுக்கே வழியில்லாமல் நிற்பவருக்கு அந்தக் கேள்வி நியாயம்தான். ஆனாலும் 2006இல் யாராவது என்னை அப்படி நிறுத்தி வைத்திருக்கக் கூடாதா என்றே எனக்குத் தோன்றியது.

என் மகன் கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் மூன்றரை வருஷம் இருந்துவிட்டு ஓசூருக்கு மாறினான். பி.எஃப்.பை எடுத்து பைக் வாங்கப் போகிறேன் என்றான். இந்த முறை நான் விடவில்லை, புதுக் கம்பெனிக்கு மாற்றச் சொன்னேன். அதுவும் லேசில் முடியவில்லை. ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், பி.எஃப்.பில் அப்பா பெயர் முழுசாக முன்னால். நம் ஊரில் பாதிப் பேருக்கு இந்த இனிஷியல் தகராறு இருக்கும். அதைத் திருத்த அவனும் கம்பெனியும் சேர்ந்து கையெழுத்திட்ட கூட்டு உறுதிமொழி கொடுக்க வேண்டியிருந்தது. பழைய கம்பெனி வேலையை விட்ட தேதியைப் போடாமல் விட்டிருந்தது. இரண்டு மாதம் கழித்து அதை நாமே யுஏஎன் (கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) கணக்கில் போட்டுக்கொள்ளலாம் என்று தெரிந்து அவனே போட்டான். அப்புறம்தான் பணம் மாறியது.

மாறிய அன்று ராத்திரி போன் செய்து, "அம்மா, பாஸ்புக்கில் பென்ஷன் பக்கம் பூஜ்யம்னு இருக்கு, பணத்தைக் காணோம்" என்று பதறினான். காணாமல் போகவில்லை. பென்ஷன் பணம் எல்லோருக்கும் பொதுவான நிதியில் கிடக்கும், அது கம்பெனி விட்டுக் கம்பெனி வராது, வருஷங்கள் மட்டும் கூட வரும். அவனுக்கு இன்னொரு லாபமும் உண்டு. 5 வருஷத்துக்கு முன்னால் 50,000 ரூபாய்க்கு மேல் எடுத்தால் பான் இருந்தாலும் 10 சதவீதம் வரி பிடிப்பார்கள். மாற்றிக்கொண்டால் பழைய வருஷமும் அந்த 5 வருஷத்தில் சேரும்.

உங்கள் பத்திரிகை வழியாக நான் கேட்பது இதுதான். 10சி விண்ணப்பத்தில், கையெழுத்துக்கு மேலேயே, "இதை எடுத்தால் உங்கள் இத்தனை வருஷம், இத்தனை மாதம் சர்வீஸ் போய்விடும்" என்று தமிழில் எண்ணோடு அச்சாக வேண்டும். ஆன்லைனிலும் அப்படியே. கணக்கு முடிக்கிற அன்று கம்பெனிக்காரர்களும் அதை வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும். என்னைப் போல் தெரியாமல் எடுத்தவர்கள் அந்தப் பணத்தை வட்டியோடு திருப்பிக் கட்டி, வருஷங்களை மீட்டுக்கொள்ள ஒரு தடவை வாய்ப்பு தர வேண்டும். கூரை போட்ட வீட்டை அடமானம் வைத்தாவது நான் கட்டுவேன்.

என் பெயரைப் போட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பவர் டேபிள் டெய்லர்,
திருப்பூர்